மலையைச் சுற்றிப் போன குதிரை

கோட்டை வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான். இரும்புச் சட்டை, கையில் ஈட்டி. நம் குதிரை பக்கத்தில் போனதும் ஒரு கையைத் தூக்குவான். அவன் தலைக்கு மேல் இங்கிலீஷில் ஒரு வரி வரும். பெயிண்டர் அண்ணனின் செல்போன் விளையாட்டில், கீறல் விழுந்த அந்தக் கண்ணாடிக்குள், எத்தனையோ மதியங்கள் அவனைப் பார்த்திருக்கிறேன்.

வில்லாபுரத்தில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் எனக்கு வேலை. நான் வெல்டர். அண்ணனும் அப்போது அங்கேதான் இருந்தார்; இப்போது டி. கல்லுப்பட்டியில் தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். அண்ணன் பத்தாவது வரை படித்ததாகச் சொல்வார். அதனால் விளையாட்டில் வருகிற எழுத்தையெல்லாம் அவர்தான் எனக்குப் படித்துச் சொல்வார்.

"ராசா ஊர்ல இல்லையாம் மாப்ள. வெளியாள விடமாட்டானாம். மலையச் சுத்தித்தான் போகணும்."

சுற்றினோம். பின்பக்கம் சுவர் இடிந்த இடத்தில் இறங்கி உள்ளே போனால் அங்கே இருக்கிற பூதம் இரண்டே அடியில் எங்களைக் கொன்றுவிடும். செத்தால் மறுபடியும் வாசலிலிருந்துதான். சாப்பாட்டு நேரத்தில் பாதி அந்த மலைக்கே போனது. நாங்களும் குறை சொல்லாமல் இருந்ததில்லை. "இம்புட்டுப் பெரிய மலையில குதிரைக்குத் தண்ணி காட்ட ஒரு தொட்டி இல்ல. இதச் செஞ்சவன் மாடு கன்னு வளத்தவன் இல்ல" என்பார் அண்ணன். கோட்டை வாசலில் போட்டிருக்கிற கீல் அவ்வளவு கனமான கதவைத் தாங்காது என்பது என் குறை. ஆனால் மலைக்குப் பின்னால் ஓர் ஏரி இருந்தது. குதிரை கரையேறினால் நாரைகள் மொத்தமாக எழும்பும். அந்த இடத்தில் இருவரும் பேசமாட்டோம்.

ஒருநாள் முதலாளிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய மகள் எட்டிப் பார்த்தது. கல்லூரியில் படிக்கிற பெண். "இந்த கேமா? சண்டை சூப்பர்ண்ணே, கதைதான் மொக்கை. மலைக்குப் பின்னாடி சும்மா வெட்டியா எடம் விட்டிருக்கான்னு எல்லாரும் ரிவ்யூல திட்டுறாங்க. ஆமா, ஏன் சுத்திப் போறீங்க? 'வாங்க, கதவைத் தொடுங்க'ன்னுதானே சொல்றான்?"

அதுவே விரலால் கதவைத் தொட்டது. கதவு திறந்துகொண்டது.

அண்ணன் செல்போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவர் சாப்பிட உட்கார்ந்தது சாய்த்து வைத்த கேட்டுகளுக்குப் பின்னால். மூன்று நாள் அப்படியே. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னும் கூனிக் குறுகிப்போவார். அப்போது பட்டறையில் நான் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

நாலாம் நாள் காலை முதலாளி மகளிடம் போய், என் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றித் தரும்படி கேட்டேன். எனக்கு அது பெரிய காரியம். மதியம் கேட்டுகளுக்குப் பின்னால் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவல்காரன் கையைத் தூக்கினான். நான் குதிரையை மலைப்பக்கம் திருப்பினேன்.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "கதவத் தொட்டா தெறக்கும்ல. ஏன்டா சுத்துற?"

"கதவுல இன்னும் பெயிண்டு காயலண்ணே."

அண்ணன் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"நீ சாப்புடு. ஏரிக்கர வரைக்கும் நான் ஓட்டுறேன்."