உள்ளே கூலி இல்லை

அபிதகுசாம்பாளுக்கு ஐரோப்பா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. அங்கே நடந்ததை ஆரணியில் நடத்திக் காட்டினாள், அவ்வளவுதான்.

எழுபத்தெட்டில் அவள் வீட்டில் சாயத்தொட்டி இருந்தது. கொழுந்தன் வீரபாகுவிடம் நூல் முறுக்கும் மெஷின். இன்னொரு கொழுந்தன் மாணிக்கவேல் தறிக்குப் பாவு ஓட்டுவான். பக்கத்துப் பக்கத்து வீடுகள், மூன்றிலும் தறி உண்டு. ஆனால் ஒருவரிடம் ஒருவர் கறாராகக் கூலி வாங்கினார்கள். வெளியாளுக்கு மட்டும் ஆளாளுக்கு இஷ்டப்படி குறைத்தார்கள். நல்ல கூத்து!

மெட்ராஸ் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்த ஜெயச்சந்திரன் பொங்கலுக்கு ஊர் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னான்.

“ஐரோப்பாவுல ஒம்போது நாடு ஒண்ணா சேந்துகினு இருக்காங்க அத்தை. அவங்களுக்குள்ள சுங்கம் கெடையாது. வெளிச் சரக்கு எங்க எறங்கினாலும் ஒரே சுங்கம். தனியா எவனும் கொறைக்கக் கூடாது.”

“கொறைச்சா என்னவாம்?”

“சரக்கெல்லாம் அவன் வாசல்லயே பூந்து எல்லார் வூட்டுக்கும் போயிடுமே!”

அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கே கொழுந்தன்களை உட்காரவைத்துப் பேசி முடித்தாள். மூன்று வீட்டுக்குள் கூலி இல்லை. வெளியாளுக்குப் பேசி வைத்த கூலிதான், யாரும் தனியாகக் குறைக்கக் கூடாது. யாரைச் சேர்ப்பதானாலும் மூவரும் சம்மதிக்கவேண்டும். தொழில் நிமிர்ந்தது.

அடி அவள் தலையிலேயே விழுந்தது. கண்ணமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் சின்னம்மாள் அம்மாவிடம் இனாமாகச் சாயம் போட்டுக்கொள்பவள். அவள் நூலோடு நாத்தனார் நூலும் வரும், நாத்தனாரின் பக்கத்து வீட்டு நூலும் வரும்.

“உங்க பொண்ணுதானே அண்ணி, போவட்டும்” என்றான் வீரபாகு.

“இன்னிக்கு எம் பொண்ணு, நாளைக்கு உம் மச்சான். அப்புறம் எதுக்கு இந்தப் பேச்செல்லாம்?” மகளிடம் திரும்பினாள். “இனிமே உனக்கும் வெளியாள் கூலிதான்.”

இலை போட்டிருந்தது. சின்னம்மாள் உட்காரவேயில்லை, நூலை அள்ளிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அபிதகுசாம்பாளுக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. தீபாவளிக்குக்கூட மகள் வரவில்லை.

எண்பத்தொன்றில் ஓர் அமாவாசையன்று வந்து நின்றாள்.

“அங்க பத்தாவதா ஒரு நாடு சேந்துச்சாமே, ஜெயச்சந்திரன் சொன்னான். எனக்குச் சேலை டிசைனுக்கு ஜக்கார்டு அட்டை குத்த வரும். நாலு வூட்டுக்கும் குத்தித் தரேன். என்னியும் சேத்துக்கோங்க.”

கொழுந்தன்கள் உடனே தலையாட்டினார்கள். அம்மா ஆட்டவில்லை.

“உன் வழியா வெளி நூல் வரக்கூடாது.”

“வராது.”

“நாத்தனாருக்கும் வெளியாள் கூலிதான்.”

“அவளுக்குமா?”

“அவளுக்கும்.”

கண்ணமங்கலத்துக்குத் திரும்பினால் என்ன பேச்சுக் கேட்கவேண்டிவரும் என்று சின்னம்மாளுக்குத் தெரியும். இருந்தும் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சரி. சோறு போடு.”