தையல் போட்ட இடத்தில் ஒரு நிழல்

மணலியில் குழாய் போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் லோகநாதனுக்கு வெல்டிங் எக்ஸ்ரே பார்க்கும் வேலை. ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார். நிழல் தெரிந்தால் குழாயின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி. ஒருமுறை பழுது பார்த்த ஜாயின்ட்டில் மறுபடியும் நிழல் தெரிந்தால் பேச்சே கிடையாது. அந்தத் துண்டை அறுத்து எறிய வேண்டும்.

2004இல் அவருடைய மலக்குடலில் புற்றுநோய் என்று அறுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். மறுவருடம் எடுத்த ஸ்கேனில் தைத்த இடத்திலேயே ஒரு கட்டி.

"திரும்பி வந்த மாதிரிதான் தோணுது," என்றார் டாக்டர். "இந்தத் தடவை எடுத்தா பின்பக்கத்தை மூடிட்டு, மலம் போறதுக்கு வயித்துல ஆயுசுக்கும் பை வைக்கணும். அதுக்கு முன்னாடி ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம்."

"ஊசி இன்னாத்துக்கு சார்? அறுத்துடுங்க."

வியாசர்பாடி வீட்டில் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னலில் ஒட்டிவைத்தார். வெல்டிங் ஃபிலிமில் குறை கறுப்பாகத் தெரியும். இதில் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஊசி போட்டுக்கினா இன்னாயா கெட்டுப்போவுது?" என்றாள் மனைவி பட்டம்மாள்.

"ஊசி பட்டா பரவும்மே. அதான் புத்துன்னு ஃபிலிமே சொல்லிகினு கீதே! நான் எம்மாம் ஃபிலிமு பாத்தவன்!"

"நீ பாத்தது இரும்புயா."

பை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு தண்ணீர் பாக்கெட்டைப் பனியனுக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பஸ்ஸில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் கையை வைத்து மறைத்துக்கொண்டே போனார். வெல்டர் மதார் சாகிப்பின் கண்ணிலிருந்து மட்டும் மறைக்க முடியவில்லை.

"இன்னா மாமு, எத்தினியாவது மாசம்?"

லோகநாதன் சிரிக்கவில்லை, விஷயத்தைச் சொன்னார். மதார் சாகிப் கையுறையைக் கழற்றினார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ எக்ஸு போட்டத அறுக்குறவன் நான்தான். அறுத்து உடைச்சுப் பாத்தா பாதி, உள்ள ஒரு கொறையும் இல்லாம சோக்கா கீது மாமு."

"இத்தினி வருசமா ஏன்யா சொல்லல?"

"சொன்னா? அறுத்தத திரும்ப ஒட்டிருவியா? அறுக்குறதுக்கும் கூலி, ஒட்டுறதுக்கும் கூலி. எனக்கின்னா பேஜாரு?"

அன்று வீடு திரும்பிய லோகநாதன் ஃபிலிமைப் பார்க்கவில்லை. மறுநாள் ஊசிக்குப் போய்ப் படுத்தார்.

புற்று இல்லை. உள்ளே தங்கிவிட்ட தையல் நூலைச் சுற்றி உடம்பு கட்டிக்கொண்ட கட்டி; நூலை எதிரி என்று நினைத்துவிட்டதாம். கட்டியை அப்படியே விட்டுவிடலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பிய வாரமே, பழுது பார்த்த ஜாயின்ட் ஒன்றில் நிழல் தெரிந்தது. மதார் சாகிப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, லோகநாதன் பெருக்கல் குறி போட்டார்.

"அடப்பாவி! உனக்கு மட்டும் ஊசியா?"

"கொழாய்க்கு எங்கய்யா ஊசி போடுவ?"

சரியான கேள்விதான். ஆனால் ஊசி போய்வந்தது கட்டியின் ஒரு ஓரத்துக்கு மட்டும், மீதியை யாரும் பார்க்கவில்லை என்பதும் லோகநாதனுக்குத் தெரியும். அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பிய காலையில் அவருடைய சட்டை வயிற்றருகே, மறுபடியும் ஒரு தண்ணீர் பாக்கெட் அளவுக்கு, லேசாகப் புடைத்திருந்தது. பட்டம்மாள் பார்த்தாள், பஸ்ஸில் வயிற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ளக் குடையை எடுத்துக் கொடுத்தாள்.