பரணில் விட்ட புகை

ஓசூருக்குக் குடிவந்த முதல் மழைக்காலம். தூறல் விடவே இல்லை. என் கைக்குழந்தையின் துணிகள் மூன்று நாளாகியும் காயவில்லை.

அப்போதுதான் குளியலறை வெந்நீர் அடுப்புக்குப் புகைக்குழாய் வைக்கக் கொத்தனார் வந்தார். "கூரைக்கு மேல கொண்டுபோக வேணாம், பரணோட நிறுத்திடுங்க. அந்தச் சூட்டுல துணி காயட்டும்" என்றேன்.

"புகை எங்கம்மா போவும்?"

"பரண்லதான் ஜன்னல் இருக்குதே!"

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு வாரம் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்தன.

பிறகு ஒரு நாள் காலை, சாரல் அடிக்கிறதே என்று பரண் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன். குளிருக்குப் பயந்து குளியலறை ஜன்னலையும் சாத்தினேன். குழந்தை அழுதால் ஓட வேண்டுமே என்று கதவை மட்டும் தாழிடவில்லை. போக வழியில்லாமல் பரணில் அடைந்த புகை குளியலறைக்கே இறங்கிவிட்டது; இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் தலை சுற்றி மயங்கி விழுந்தேன். சொம்பு விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஜெயம்மா, புடவையைச் சுற்றி என்னை முற்றத்துக்கு இழுத்து வந்தார்.

நான் கண் விழித்ததும் கன்னடம் கலந்த தமிழில் அவரிடம் திட்டு விழுந்தது. "அய்யோ தேவரே, கடவுளே! துணி காஞ்சா போதுமா? புள்ளைக்குத் தாய் வேணாமா?"

மறுநாளே குழாய் ஓட்டுக்கு மேலே ஏறிவிட்டது. இப்போது முற்றத்தில் நின்று, புகை வெளியே போவதைப் பார்த்த பிறகே குளிக்கப் போகிறேன். துணிகள் பழையபடி ஈரமாகத்தான் தொங்குகின்றன. தொங்கட்டும், காய்ந்ததும் எடுத்து மடிக்க நான் இருக்கிறேன்.