சிவப்பு எண்ணெயும் ஒரு டீக் கிளாசும்

கடையில் போய் ஒரு சாமான் கேட்பது எனக்கு எப்போதுமே பெரிய காரியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் பெயருள்ள சாமான் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்று களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபத்துக்கு இலைக்கட்டு ஏற்றிப் போனேன். பதினொன்றரைக்கு முதல் பந்தி. சேரன்மகாதேவி வந்ததும் என் பழைய மினி லாரியின் ஸ்டீயரிங் ஆட்டுரல் மாதிரி கனத்துவிட்டது. குனிந்து பார்த்தால், ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் போகும் குழாயின் கிளிப் தளர்ந்து எண்ணெய் முழுக்க ஒழுகியிருந்தது. கிளிப்பை முறுக்கிவிட்டு எங்கள் ஊர் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"ஏடிஎஃப்னு கேளும் வே. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊத்துத எண்ணெய். செவப்பா இருக்கும்."

"என் வண்டியில ஆட்டோமேட்டிக் கியர் கெடையாதுல்லா?"

"உம்ம வண்டி பவர் ஸ்டீயரிங்குக்கும் அதான். வேற எதையாவது ஊத்தினீருன்னா உள்ள ரப்பரெல்லாம் போயி ஸ்டீயரிங் பெட்டியே காலி. பொறவு இலையத் தலையில சொமந்துக்கிட்டுப் போவும்."

எதிரிலேயே ஆயில் கடை. ஏடிஎஃப், ஏடிஎஃப் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். கடைக்கார அண்ணாச்சி, "உமக்கு என்ன வே?" என்றதும் அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றெழுத்தும் பறந்துவிட்டது. "செவப்பு" என்றேன். அலமாரியில் சிவப்பாகத் தெரிந்த ஒரு கேனை நோக்கிக் கையும் நீட்டிவிட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து குலுக்கினேன். சலசலவென்றது. எண்ணெய் அப்படிச் சத்தம் போடாதே? பக்கத்து டீக்கடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி, அதில் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். எண்ணெய் என்றால் மிதக்க வேண்டும். இது தண்ணீரோடு கலந்து ரோஜா நிறமாகிவிட்டது. ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட்!

"வெசத்தக் கலக்கிட்டு கிளாஸத் திருப்பித் தருவீரோ? நீரே வச்சுக்கிடும்" என்றார் டீக்கடைக்காரர்.

அதற்குள் மண்டபத்தில் சமையல் பார்க்கிற தவசுப்பிள்ளை போனில் கத்தினார். "இல எங்க வே? சோத்த எல்லாரு கையிலயும் உருட்டியா குடுக்கட்டும்?"

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அளவு சிறுத்த செருப்பைக்கூட இரண்டு வருடம் நொண்டி நொண்டிப் போட்டுத் தீர்த்தவன். கேனையும் கிளாசையும் கடை மேசையில் வைத்துவிட்டு, வார்த்தை வரட்டும் என்று நின்றேன்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "சர்பத்தா? இதெல்லாம் எதுக்கு வே!" என்று கிளாசை எடுத்தார்.

"குடிச்சிராதிய!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அந்த வேகத்தில் மிச்சமும் வந்து விழுந்தது. "அது கூலண்டு! எனக்கு ஏடிஎஃப்! பழைய வண்டி, பவர் ஸ்டீயரிங்!"

அண்ணாச்சி கிளாசை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். "இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன வே கேடு?" என்று வேறு கேனை எடுத்து, அவரே மூடியைத் திறந்து காட்டினார். தொட்டுத் தேய்த்தேன். வழவழவென்றது.

ஊற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை திருப்பியதும் பழையபடி இளகிவிட்டது.

முதல் இலைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். பந்தியில் வெறும் மேசை முன்னால் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தா, வந்துட்டாருல்லா!" என்று தவசுப்பிள்ளை கூவினார்.

முழுப் பந்தியும் திரும்பி என்னைப் பார்த்தது. இதற்கு அந்த ஆயில் கடையே தேவலை என்றிருந்தது.