நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு வாக்கியம்

கொரோனாவுக்கு முந்தைய டிசம்பர் மாதம். யாங்கோன் நகரில், லான்மடாவ் பகுதியில், எங்கள் தமிழ் இளைஞர் மன்றத்தின் மாடி அரங்கில்தான் இது தொடங்கியது.

அப்போது எனக்கு வயது இருபது. மேடைப்பேச்சில் முறையான பயிற்சி பெற்றவன். பெற்ற கோப்பைகளை வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தவன். ஒலிபெருக்கியைச் சோதிக்க ஒரு ‘ஹலோ’ சொல்லச் சொன்னால்கூட, ‘அவையோர்க்கு வணக்கம்’ என்றுதான் என் வாய் தொடங்கும். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று எங்கள் விருந்தினர் ஒரு புகைப்படக் கலைஞர். முப்பது வயதுப் பெண்மணி. யாங்கோனில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். அந்த நாட்டை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை மோட்டார் சைக்கிளில் இரண்டு முறை கடந்திருக்கிறார். பிறகு சைக்கிளில், தன்னந்தனியாக, பாலைவனத்தின் ஊடாக ஒரு பயணம். வழியெல்லாம் எடுத்த படங்களைத் திரையில் காட்டிப் பேச வந்திருந்தார். அவர் எடுத்த ஒவ்வொரு படத்தின் அடி விளிம்பிலும் ஹேண்டில்பாரின் ஒரு துண்டு தெரியும். சோளக்காடு, பனி மூடிய கணவாய், ஆளில்லாத காபிக்கடை, எதுவாக இருந்தாலும் அந்த ஹேண்டில்பாருக்கு மேலேதான் இருக்கும். அதுவே அவருடைய கையெழுத்து.

தம்முடைய தமிழ் வீட்டுத் தமிழ் என்று கூச்சப்பட்டு அவர் ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு. அவர் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுகிறவர். ‘இங்கே மழை பெய்தது’ என்பார். நான் வானத்தைப் பிளந்து கொட்டவைப்பேன். அவர் ஒரு நிமிடம் பேசினால் நான் மூன்று நிமிடம் பேசினேன். கைதட்டல் எனக்கே கிடைத்தது.

ஒரு படம் வந்தது. பாலைவனத்தில் நீண்ட சாலை, மாலை வெயில், தனியாக ஒரு பெட்ரோல் பங்க். அவர் சொன்னது இதுதான்: ‘இங்கே என் சைக்கிள் சங்கிலி அறுந்தது. பகல் முழுவதும் தள்ளிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது. இந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரப் பெண் வெளியே வந்தார். என்னால் முடியவில்லை, உதவுங்கள் என்றேன். அவர் கடையை மூடிவிட்டுத் தம் வண்டியில் என்னை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.’

நான் ஒலிபெருக்கியை இன்னும் அருகில் இழுத்தேன். “சங்கிலி அறுந்தது, சங்கற்பம் அறவில்லை! தண்ணீர் தீர்ந்தது, நெஞ்சுரம் தீரவில்லை! தனியொரு பெண், தளராமல் நடந்தார்!” அரங்கம் அதிர்ந்தது. அந்த அதிர்வு போதாமல், “ஹேண்டில்பாரைப் பிடித்த கைகளுக்குத்தான் அந்த உறுதி புரியும், எனக்குப் புரிகிறது!” என்றும் முடித்தேன்.

அழுததை ஏன் விட்டேன்? முன்வரிசைகளில் பெற்றோர் தங்கள் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கண்ணீர் வேண்டாம், வீரம்தான் வேண்டும் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். ஹேண்டில்பாரைப் பற்றி ஏன் சொன்னேன்? அந்த வாக்கியத்தின் ஓசைக்கு அது தேவைப்பட்டது; அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லாத நகரம் எங்களுடையது. செங்குத்தான படிக்கட்டு ஏறி மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் அதுவரை ஒரு சைக்கிளில்கூட ஏறி உட்கார்ந்ததில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது அவர் நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, நீ சைக்கிள் ஓட்டுவியா?”

என் நண்பன் முந்திக்கொண்டான். “மேடையில நல்லா ஓட்டுவான் அக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என் வாயைத் திறந்தது. “ஓட்டுவேன் அக்கா. எவ்வளவு தூரமானாலும்.”

அவர் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்கச் சாலைகளின் படங்களை ஒரு புத்தகமாகத் தொகுக்கிறார். கடைசிப் பக்கத்துக்குப் பிறந்த ஊரின் சாலை ஒன்று வேண்டும். அதேபோல ஒரு ஹேண்டில்பாருக்கு மேலே. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் ஒரு கரைச்சாலையைப் பார்த்து வைத்திருக்கிறார். விடியற்காலைப் பனிமூட்டத்தில் அந்தச் சாலையின் மறுமுனை மறைந்துவிடுமாம். அந்தப் படம்தான் வேண்டும். பர்மிய மொழி மறந்துவிட்டதால் கூட ஒருவர் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டுமே இருக்கிறது, திங்களன்று விமானம்.

அன்று புதன்கிழமை. என் கையில் மூன்று நாட்கள் இருந்தன. மூன்றே நாளில் முப்பது நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்தவனுக்கு இரண்டு சக்கரங்கள் எம்மாத்திரம்? மறுநாள் விடிவதற்குள் படகேறி அக்கரை சென்றேன். படகுத்துறை அருகே வாடகைக்குச் சைக்கிள் விடும் அம்மாளிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு, அவர் கடைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஏறினேன். விழுந்தேன். ஏறினேன். லுங்கி சங்கிலியில் சிக்கி மறுபடியும் விழுந்தேன்.

கடைக்கார அம்மாள் மொகிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பர்மிய வழக்கப்படி ‘சயா’, அதாவது ஆசிரியர் ஐயா, என்று மரியாதையாகத்தான் அழைத்தார். “சயா, அது மாடு இல்ல. கொம்பைப் பிடிச்சு அடக்காதே. லுங்கியைத் தூக்கிக் கட்டு, மானம் அப்புறம் பார்த்துக்கலாம்!”

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் போனேன். முழங்கால் தோல் உரிந்தது. வீட்டில் படியில் தடுக்கிவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். சனிக்கிழமை முடியும்போது நேராகப் போக வந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பவும் நிறுத்தவும் வரவில்லை. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நேராப் போகத் தெரிஞ்சுபோச்சு சயா. இனி ரோடும் நேராவே இருக்கணும்னு புத்தர்கிட்ட வேண்டிக்கோ.”

ஞாயிறன்று முதல் படகில் இருவரும் டாலா போய்ச் சேர்ந்தோம். அதே கடை. இரண்டு சைக்கிள்கள். அக்கா ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரிய லென்ஸ் இருந்த பையை என் தோளில் போட்டார். “இது என்னோட பாலைவனம் முழுக்க வந்தது. பத்திரம்.” கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதுதான்.

கரைச்சாலை அவர் சொன்னது போலவே இருந்தது. ஒருபக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால். எதிரே வெண்ணிறப் பனிக்குள் சாலை கரைந்து போயிருந்தது. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பனியிலிருந்து, பக்கவாட்டில் இருக்கை கட்டிய சைக்கா வண்டி ஒன்று காய்கறி மூட்டைகளோடு மணியடித்துக்கொண்டு வந்தது. அக்கா இலேசாக ஒதுங்கிப் போய்விட்டார். எனக்கு ஒதுங்கத் தெரியாது, நிறுத்தத் தெரியாது. வண்டிக்காரர் கத்தினார். அடுத்த கணம் நானும் சைக்கிளும் வாய்க்காலில் கிடந்தோம்.

அக்கா ஓடி வந்தார். முதலில், “அடிபட்டுச்சா?” என்றார். இல்லையென்று தலையசைத்ததும், “பை எங்கே?” என்றார்.

முழங்கால் ஆழச் சேற்றில் இருவரும் கைவிட்டுத் துழாவினோம். பை கிடைத்தபோது லென்சுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெயில் ஏறியிருந்தது. பனி போய்விட்டது. சாலையின் மறுமுனையில் ஒரு செல்போன் கோபுரமும் தகரக் கொட்டகையும் பளிச்சென்று நின்றன. அவர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோய், படம் எடுக்காமலேயே இறக்கினார்.

“எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது அக்கா. மூணு நாளாத்தான் பழகினேன்.”

அவர் கோபத்தை மறைக்கவில்லை. “நேத்து சொல்லியிருந்தா உன்னைப் பின்னால உட்கார வச்சு நானே ஓட்டியிருப்பேனே! இதுல என்ன கேவலம்?” லென்ஸைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அந்தப் பெட்ரோல் பங்க்ல நான் அழுதேன்னு சொன்னேன். நீ சொல்லவே இல்ல.”

“உங்களுக்கு மேடைத் தமிழ் புரியாதுன்னு…”

“எங்கம்மா இருபத்தஞ்சு வருஷமா என்னைத் தமிழ்லதான் திட்டுறாங்க. எல்லாம் புரியும். நான் அழலைன்னா அந்தப் பொம்பளை வெளியே வந்தே இருக்க மாட்டா. அந்தப் படமே அதுக்காகத்தான் வச்சிருக்கேன்.”

நான் மறுபடி வாய்க்காலில் இறங்கி, சேறு சொட்டச் சைக்கிளைக் கரைக்கு இழுத்துப் போட்டேன்.

என் சைக்கிளின் முன்சக்கரம் கோணிவிட்டது. அதைச் சைக்கா வண்டிக்காரர் தம் மூட்டைகளுக்கு மேல் கட்டிக்கொண்டார். நான் அக்காவின் சைக்கிள் கேரியரில், தலை முதல் கால்வரை சேற்றோடு, பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தேன். வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பர்மிய மொழியில் கூவிச் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாங்க?” என்று அக்கா கேட்டார்.

நான் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். “‘இந்த மாப்பிள்ளையை எந்த வாய்க்காலில் பிடித்தாய்? சின்னதாக இருக்கிறது, திரும்ப விட்டுவிடு’ என்கிறார்கள்.”

அவர் முதுகு குலுங்கியது. அன்று காலை முதன்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் அவர் புறப்பட்டுவிட்டார். அடுத்த மாத மன்றக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். அதே மேடையில், அந்தப் பெட்ரோல் பங்க் படத்தைப் பற்றி அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். எனக்குச் சைக்கிள் தெரியாது என்பதையும் சொன்னேன். கைதட்டல் இல்லை. இறங்கியதும் ஒரு தாய் என்னை நிறுத்தினார். “இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா தம்பி? வெளியூர்ல படிக்க இடம் கிடைச்சும் என் மக போக மாட்டேன்னுட்டா. ‘அந்த அக்கா அழவே இல்ல, நான் எதுக்கெடுத்தாலும் அழறவ, என்னால தனியா இருக்க முடியாது’ங்கறா.” அந்தப் பெண்ணை அழைத்து வரச் சொல்லி, அவளிடமும் ஒருமுறை அப்படியே சொன்னேன். அவள் பிறகு போனாளா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை அலங்கரிக்க இன்று எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்றை நான் விடுவதாக இல்லை. ஞாயிறுதோறும் முதல் படகைப் பிடித்தேன். கடைக்கார அம்மாளின் கேலியை வாங்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். திருப்பக் கற்றேன், ஒதுங்கக் கற்றேன், கடைசியாக நிற்கக் கற்றேன். பனிக்காலம் முடிவதற்குச் சற்று முன்பு ஒரு விடியலில் அந்தக் கரைச்சாலைக்குச் சென்றேன். சாலையின் மறுமுனை பனிக்குள் இருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, செல்போனை எடுத்து, ஒரே ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

பதில் இரண்டு வரியில் வந்தது: ‘படம் சாஞ்சிருக்கு. ஹேண்டில்பார் இருக்கு.’

இன்றும் கூட்டங்களில் மொழிபெயர்க்க என்னை அழைக்கிறார்கள். யாராவது ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லும் இடம் வரும்போது என் நாக்கு பழைய பழக்கத்தில் வேறொரு சொல்லைத் தேடி எழுகிறது, டாலாவின் சேற்றை நினைத்து அதை அடக்கி, அவர் சொன்ன அதே எடையில் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன்.