யார் செத்தது?

சந்தியாகு மச்சானை எங்கள் தெருவில் 'மணி சந்தியாகு' என்பார்கள். கூப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பட்டத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். காரணத்துக்குப் பின்னால் இருந்ததை எனக்கு மட்டும் சொன்னார். நான் குறுக்கே பேசமாட்டேன் என்பதுதான் என்னிடம் அவர் கண்ட தகுதி.

அவர் என் அண்ணி மிக்கேலம்மாளின் அண்ணன். என் அண்ணன் தொம்மை கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிப்பது அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான். வேறு கையை எங்கள் கடற்கரை நம்பாது. தங்கச்சி தாலிக்குப் பயப்படுகிறவன் கண் அயரமாட்டான். கீழேயிருந்து கயிற்றை ஒரு வெட்டு வெட்டிச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். சந்தியாகு மச்சானுக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும், அதில் அவருக்குக் குறையும் இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சங்குப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் பக்கத்து வீட்டு முத்துக்கனியின் ஆடு கொடியில் கிடந்த மச்சானின் வேட்டியை இழுத்துத் தின்றது. தூரத்தில் கப்பல் ஊதியது. வள்ளம் பாருக்குப் போயிற்று. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அண்ணன் இறங்கினான். கயிறு வெட்டவே இல்லை. நேரமாகிறதே என்று மச்சான் இழுத்துப் பார்த்தால், கயிறு அடியில் பாறையிடுக்கில் சிக்கிக் கிடந்தது. குளிர்ந்த உடம்பைத்தான் எடுத்தார்கள். தங்கச்சி முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் கடற்கரையிலேயே விழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

விழித்தபோது தன் வீட்டுப் பாயில் கிடந்தார். வெளியே ஆடு வேட்டியைத் தின்றுகொண்டிருந்தது. கப்பல் ஊதியது. வாசலில் என் அண்ணன் நின்றான்.

"என்ன மச்சான், பேயறைஞ்சாப்புல முழிக்கீரு? ஆடு வேட்டியத்தானே தின்னுது, உம்மையா தின்னுது?"

"மாப்ளே, இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி. ஏன், நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறீரோ?"

கனவு என்று நினைத்துக் கடலுக்குப் போனார். அன்றும் அண்ணன் செத்தான். மறுநாளும் சனிக்கிழமைதான்.

ஒரு சனிக்கிழமை, அண்ணன் இறங்கினதுமே இழுத்துவிட்டார். "பயந்தாங்கொள்ளி, ஒரு சங்கு எடுக்க விடுதீரா?" என்று ஏசிவிட்டு, கயிற்றை இன்னொருத்தன் கையில் கொடுத்து இறங்கியவன் திரும்பவில்லை. ஒரு சனிக்கிழமை கயிற்றை ஒளித்து வைத்தார். அண்ணன் வேறு வள்ளத்தில் ஏறிப் போனான். "நீ இன்னைக்குச் செத்துருவே மாப்ளே" என்று காலைப் பிடித்தும் பார்த்தார். "விடியக்காலமே ஊத்திட்டீரா?" என்று அண்ணன் சிரித்தான்.

ஞாயிறு மட்டும் வந்துவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாரும் கடலில் இறங்குவதில்லை. ஆனால் அந்த ஞாயிறு வரவில்லை. எத்தனை முறை தங்கச்சி கைம்பெண்ணானாள் என்று அவர் எண்ணவில்லை. அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் பூ வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதுதான் பெரிய வேதனை என்றார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஆட்டை விரட்டக்கூட நிற்காமல் தெருக் கோயிலுக்கு ஓடி, துக்கமணியை அடித்தார். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அன்றைக்குக் கடல் இல்லை. அந்த மணி கேட்டால் பாய் விரித்த வள்ளமும் திரும்பிவிடும். என் அண்ணனும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். தெருவே கூடியது.

உபதேசியார் கிருபாநிதி மூச்சிரைக்கக் கேட்டார்: "ஏலே, யாருலே செத்தது?"

மச்சான் மணிக்கயிற்றை விடவில்லை. "இன்னும் யாரும் சாகல."

முதல் அடி என் அண்ணனுடையது. பிறகு தெருவே அடித்தது. ஆனால் சாவுமணி அடித்த நாளில் கடலுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை, பொய் மணியானாலும். "ஒம் அண்ணன் அடிச்சது ஓங்கி விழுந்துச்சு சின்ன மாப்ளே" என்றார் என்னிடம். "ஆனா அந்தக் கை சுடச்சுட இருந்துச்சு. அதப் பாத்துதான் அழுதேன். வலியில அழுதேன்னு நெனச்சிட்டானுவ."

மறுநாள் ஆடும் இல்லை, கப்பலும் ஊதவில்லை; கோழி கூவி விழித்தார். பூசைக்கு மணி அடித்தது. ஞாயிறு. திங்களன்று அந்தப் பாரில் நீர் கலங்கி அடி தெரியாமல் போயிற்று. அந்தப் பருவம் முழுக்க அந்தப் பார்ப்பக்கம் யாரும் போகவில்லை.

பங்குச் சாமியார் அவருக்கு விதித்த தண்டனை கோயில் முற்றம் கூட்டுவது. ஒருநாள் மாலை நானும் ஒரு விளக்குமாற்றோடு போனேன். அப்போதுதான் இத்தனையும் சொன்னார். நம்பினாயா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அண்ணன் இருக்கிறான். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"நேத்து வேப்பம்பூ, இன்னைக்குப் பூவரசங்காய்" என்று குப்பையைக் குனிந்து பார்த்தார். "தினம் வேற வேறயா விழுதுல்லா."

அந்நேரம் அண்ணன் கடலிலிருந்து ஈரக்காலோடு முற்றத்தின் குறுக்கே வந்தான். மச்சானோடு அவன் அப்போது பேசுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூட்டிய மணலில் சளக் சளக்கென்று நடந்துபோனான்.

"கூட்டுன இடத்துல மிதிக்கான், பாத்தீரா?" என்றேன்.

"மிதிக்கட்டும்" என்றார் மச்சான். "நல்லா மிதிக்கட்டும்."