தேங்காய்ச் சத்தமும் ஐஸ் சர்பத்தும்

இன்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு யாரோ தேங்காய் உடைத்த சத்தத்தில் எனக்குக் குதிக்கத் தோன்றியது!

அப்பாவோடு போய்த் தேங்காய் உடைக்கச் சிறுவயதில் கொள்ளை ஆசை. பர்மாச் சண்டைக்குப் போய்வந்த அவரோ, அந்தச் சத்தம் கேட்டாலே என் கையை உதறிவிட்டு ஓடிவிடுவார்.

சீனச் சண்டையில் பனிமலையில் கிடந்துவந்த சித்தப்பா சிரிப்பார். "பட்டாளக்காரனுக்குத் தேங்காயைப் பயமா அண்ணே? நாணக்கேடு!"

ஒருநாள் சாலைக்கடையில் ஐஸ் சர்பத்தைக் கையில் வாங்கியதும் சித்தப்பா கிளாஸைப் போட்டுவிட்டு நடுங்கினார். கூட்டாளிகள் பனியில் விறைத்துச் செத்ததை அன்றுதான் சொன்னார்.

அப்பா சித்தப்பாவின் கைகளைத் தன் வேட்டியில் பொதிந்து தேய்த்தார். "எனக்குக் குண்டு, உனக்குப் பனி. சண்டை வேறேன்னா பயமும் வேறேதானடே."

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கோவிலுக்கு வந்தார்! சித்தப்பா பின்னால் நின்று அவர் காதுகளை இறுகப் பொத்தினார். தேங்காயை ஓங்கி நின்ற என்னிடம் அப்பா ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "எறி மக்களே!"